விதையில் வந்த அத்தி

கடையில் கயிற்றில் கோத்து விற்கிற உலர் அத்தியின் விதைகளைத் தொட்டியில் தூவினேன், முளைத்தன. முளைத்ததே ஒரு சேதி. இந்தச் சீமை அத்தியில் மகரந்தம் சேராமலே பழுக்கும் ரகங்கள் உண்டு. அவற்றின் விதை வெறும் பொக்கு. விதை முளைத்ததென்றால், எங்கோ ஒரு குளவி மகரந்தத்தோடு அந்தக் காய்க்குள் புகுந்திருக்கிறது.

அந்தக் குளவி நம் காவிரி டெல்டாவில் இல்லை. நம் ஊர் நாட்டு அத்திக்கு வாய்த்த குளவி வேறு. அது சீமை அத்திக்கு உதவாது. குளவியின் அருமையைக் கலிபோர்னியாக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1880களில் துருக்கியின் ஸ்மிர்னா அத்தியை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காயெல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தது. ஃப்ரெஸ்னோவில் நாற்றங்கால் நடத்திய ஜார்ஜ் ரோடிங், கையால் மகரந்தம் ஊட்டிக் காரணத்தைக் காட்டினார். 1899இல் குளவியைக் குடியேற்றிய பிறகுதான் காய் நின்றது.

விதைக் கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண். பெண் மரத்திலும் பல, குளவி இல்லாவிட்டால் காயை உதிர்த்துவிடும். இலையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. முதல் காயை அறுத்துப் பார்க்க வேண்டும். வாய்ப்பக்கம் மகரந்தத் தாள்கள் இருந்தால் ஆண் மரம்.

என் கன்றுகளில் ஒன்று காயைத் தாங்கிப் பழுக்க வைத்தது. சிறிய பழம், தேன் நிறச் சதை. பார்த்த நண்பர் "பூனா அத்திதானே?" என்றார். இருக்க முடியாது. பூனா அத்தியைக் குச்சி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். விதையில் வந்தது தனிப்பிறவி. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனி இறைக்கும் காரைக்காலில் இதை விளக்க வேண்டியதில்லை. கொட்டை போட்டு வந்த மாமரம் என்ன பழம் தரும் என்று, காய்க்கும்வரை யார் சொல்ல முடியும்?

நம் களிமண்ணில் மேடு கட்டாமல் அத்தியை நடவே கூடாது. ஓரளவு உப்பைத் தாங்கும் மரம், தேங்கும் நீரைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துரு நோய் வந்து இலை கொட்டும். கொட்டியதை உடனே கூட்டி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

ஒற்றை மரமாக நிற்கும்வரை, பழம் தந்த என் கன்றை ரகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது! அதனால் மழை ஓய்ந்த தை மாதத்தில் குச்சி வெட்டி வேர்விட வைக்கிறேன். திருமலைராயன்பட்டினத்திலோ நெடுங்காட்டிலோ மேட்டு நிலம் இருப்பவர்கள் வந்து கேளுங்கள், தருகிறேன். காய்த்ததும் உங்கள் மரத்திலிருந்து இன்னொருவருக்கு ஒரு குச்சி கொடுங்கள்.