அத்தை வீட்டு வாசலில் ஒரு பாப்லர்

அடுப்பைப் பற்ற வைக்கத் தீக்குச்சியைக் கிழிக்கிறீர்களே, அது எந்த மரத்தின் துண்டு என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? யோசித்திருக்க மாட்டீர்கள். பால் பொங்குகிற அவசரத்தில் யாருக்குத் தாவர சாஸ்திரம் ஞாபகம் வரும்? ஆனால் என் அத்தை யோசித்தாள்.

அத்தை இருப்பது மல்லாங்கிணறு. விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற வழியில் உள்ள ஊர். கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். "ஏய்யா, லட்சம் லட்சமாக் குச்சியைத் தொட்டிருக்கேன். அந்த மரத்தை ஒரு நாளாவது கண்ணால பாத்ததில்ல" என்பாள்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். குச்சியின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. ஸ்வீடன் தேசத்துத் தீக்குச்சி ஆஸ்பென் மரம். அது பாப்லர் இனம். வெண்மையான, மணமில்லாத, லேசான கட்டை. லியனார்டோ டாவின்சி மோனாலிஸாவைத் தீட்டியதும் பாப்லர் பலகையின் மேல்தான்!

நிற்க. அத்தை வீட்டு வாசலில் நின்ற கிழட்டு வேம்பு ஒரு காற்றில் சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து திண்ணை முழுவதும் வெயில். அந்தச் சமயத்தில்தான் பத்திரிகை வேலையாக உத்தரகாண்டின் ருத்ரபூர் பக்கம் போனேன். கோதுமை வயல்களுக்கு நடுவே வரிசை வரிசையாகப் பாப்லர் நிற்கிறது. 1976 முதல் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி அங்குள்ள விவசாயிகளைப் பாப்லர் நடத் தூண்டியது. குளிர்காலத்தில் மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். கீழே கோதுமைக்கு வெயில் தாராளம். ஆறிலிருந்து எட்டு வருஷத்தில் வெட்டிக் காசாக்கிவிடுகிறார்கள்.

பாப்லரில் எத்தனை ரகம் என்கிறீர்கள்! வயலில் நிற்பது அமெரிக்காவிலிருந்து வந்த ரகம். இலை முக்கோணமாக இருக்கும். காஷ்மீரில் சாலையோரம் ஊசி மாதிரி ஒல்லியாக உயர்ந்து நிற்பது லம்பார்டி. இலையின் அடிப்புறம் வெள்ளைத் துணி போலிருந்தால் வெள்ளைப் பாப்லர். ஆஸ்பெனுக்கு வட்ட இலை. காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால், காற்றே இல்லாதது போலிருக்கும்போதும் இலை நடுங்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம் பஞ்சு பறக்கவிடும். அந்தப் பஞ்சால் வந்த புகார்களைக் கேட்டு, 2015-ல் ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றம் பெண் மரங்களை வெட்டவே உத்தரவிட்டது. பெண்ணென்றால் மரத்துக்குமா இந்தக் கதி என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

பாப்லரை விதை போட்டு வளர்ப்பதில்லை. தை, மாசியில், மொட்டையாக இருக்கிற ஒரு வயதுக் கிளையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி ஊன்றுகிறார்கள். "இருபத்தெட்டாம் அட்சரேகைக்குத் தெற்கே இது தேறாது, சாகிப்" என்று நாற்றுப் பண்ணைக்காரர் எச்சரித்தார். மல்லாங்கிணறு இருப்பதோ ஒன்பதரையில்! நான் கேட்டால்தானே? ஆறு குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலேறினேன்.

"ஆறே வருஷத்தில் நிழல், அத்தை!"

"ஆறா? எனக்கு இப்பவே எழுபதாச்சுய்யா" என்று சிரித்தாள். ஆனாலும் குழி வெட்டினாள். பண்ணைக்காரர் சொன்னதை மட்டும் நான் வாயே திறக்கவில்லை.

பங்குனியில் துளிர்த்தது. போனில் ஒரே குதூகலம். சித்திரை வெயிலில் இலை சுருண்டது. அப்புறம் பேச்சில்லை. ஆடியில் போய்ப் பார்த்தேன். ஆறும் விறகுக் குச்சிகள். அவற்றுக்கு அத்தை இன்னமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்! தெருக் குழாயில் முறை வைத்துப் பிடித்து, இடுப்பில் சுமந்து வந்த குடத்துத் தண்ணீர். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னேன்.

அவள் கோபித்திருந்தால் தேவலை. "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தத் தண்ணிய கத்திரிக்கு விட்டிருப்பேன்" என்றாள், அவ்வளவுதான்.

பிராயச்சித்தமாகப் பெருமரம் வைக்கலாமா என்று கேட்டேன். நம் பக்கத்துத் தீக்குச்சி மரம் அது. வேம்பைப் பெரிதாக்கின மாதிரிக் கூட்டிலை, கசக்கினால் நாறும். இறக்கை வைத்த விதையைப் பறித்த சூட்டோடு விதைக்க வேண்டும், நாளானால் முளைக்காது. கேரளத்திலிருந்து வருகிற மட்டி மரம் அதன் உறவு. ஊதுபத்திக்குப் போடுகிற மட்டிப்பால் அதன் பிசின்தான். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் பெருமரத்துக்கு ஆகாது. வாசலிலோ மழைக்குப் பிசைந்த மாவாகிவிடுகிற கரிசல்.

"குழி ஈரமாத்தானே கெடக்கு? பூவரசம் போத்து ஒண்ணு வெட்டிட்டு வா" என்றாள் அத்தை.

மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளை. அடியைச் சாய்வாகச் சீவி, வெட்டுவாயில் சாணி அப்பி ஊன்றினோம். ஊருக்குத் திரும்பிப் புத்தகத்தைப் புரட்டினால், 1753-ல் லின்னேயஸ் பூவரசுக்கு இட்ட பெயரின் அர்த்தமே 'பாப்லர் போன்றது' என்பதாம்! இலையின் சாயலைக் கண்டு வைத்த பெயர். மற்றபடி அது செம்பருத்தியின் சொந்தம். காலையில் மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலம் சிவந்துவிடும்.

இது மூன்றாவது வருஷம். திண்ணையில் பாதிக்கு நிழல் வந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதி, மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று போன வாரம் போனில் ஒரே புகார்.