டால்கீட்னா: ஒரு மலையின் வாசல்

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்திலிருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரம். நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைச்சாலை 22 கிலோமீட்டர் ஓடி ஆற்றங்கரையில் முடிந்துபோகிறது. அங்கேதான் டால்கீட்னா இருக்கிறது. சூசிட்னா, சூலிட்னா, டால்கீட்னா என்ற மூன்று ஆறுகள் கூடும் இடம். ஆயிரம் பேர் அளவில் வாழும் சிற்றூர். மரக்கட்டை வீடுகள், பழைய பலசரக்குக் கடை, ரயில் நிலையம், ஊரின் அளவுக்கு மீறிய பரபரப்போடு ஒரு சின்ன விமான நிலையம்.

கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சமே உயர்ந்த இந்தக் கரையில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த நாளில், வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் முழு உருவத்தோடு தெரியும். உயரம் 6,190 மீட்டர். எவரெஸ்ட் இதைவிடப் பெரியது என்றாலும் அது உயர்ந்த திபெத் பீடபூமியின் விளிம்பில் நிற்கிறது. இந்த மலையோ தாழ்நிலத்திலிருந்து ஏறக்குறைய 5,500 மீட்டர் ஒரே எழுச்சியாக எழுகிறது. பல நாட்கள் மேகம் அதை மூடிவிடும். விலகும் நாளில், “இன்னைக்கு மலை வெளியே வந்திருக்கு” என்பார்கள் ஊரார்.

மலைக்கு வடக்கிலும் மேற்கிலும் வாழும் கொயுகான் மக்கள் அதை டெனாலி என்றார்கள். உயர்ந்து நிற்பது என்று பொருள். டால்கீட்னா அமைந்திருக்கும் தெற்குப் பக்கம் டெனைனா மக்களின் நிலம். அவர்கள் மொழியில் மலைக்கு வேறு பெயர் உண்டு. ரஷ்யர்கள் ஆண்ட காலத்தில் பெரிய மலை என்ற பொருளில் ‘போல்ஷயா கோரா’ என்றார்கள். இவர்கள் உயரத்தைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். 1896-ல் தங்கம் தேடி வந்த வில்லியம் டிக்கியோ ஒரு மனிதரின் பெயரை வைத்தார். ஓஹியோ மாநிலத்துக்காரரான வில்லியம் மக்கின்லி அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளர். தங்கத்தை நாணய அடிப்படையாக வைத்திருக்க வேண்டும் என்ற கட்சிக்காரர். வெள்ளியை ஆதரித்த சுரங்கக்காரர்களோடு வாதாடிச் சலித்துத்தான் டிக்கி அந்தப் பெயரைத் தேர்ந்தார் என்று சொல்லப்படுகிறது. 1897 ஜனவரியில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதியதும் பெயர் வரைபடங்களில் ஏறிவிட்டது. மக்கின்லி அலாஸ்காவில் கால் வைத்ததே இல்லை. 1901-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபின் பெயர் இன்னும் உறுதிப்பட்டது. 1917-ல் அரசாங்கம் முத்திரை குத்தியது.

இதற்குள் மலை ஏறப்பட்டுவிட்டது. 1906-ல் உச்சியைத் தொட்டதாக ஃபிரெடரிக் குக் சொன்னது பொய். அவர் காட்டிய உச்சிப் படம் பல மைல் தள்ளியிருந்த ஒரு குன்றில் எடுத்தது. 1910-ல் சுரங்கத் தொழிலாளர்கள் இருவர் ஒரு மரக்கம்பைத் தூக்கிக்கொண்டு வடக்குச் சிகரத்தில் ஏறி நட்டார்கள். ஆனால் உயரம் கூடியது தெற்குச் சிகரம். 1912-ல் வந்த அணியைப் புயல் உச்சிக்குச் சற்றுக் கீழே திருப்பி அனுப்பியது. அவர்கள் இறங்கிய சில நாட்களில் நிலநடுக்கம் வந்து, ஏறும் வழியிலிருந்த முகடே பனிப்பாளங்களாக நொறுங்கிப்போனது.

அந்த உடைந்த முகட்டில்தான் 1913-ல் ஹட்சன் ஸ்டக் என்ற பாதிரியாரின் அணி வாரக்கணக்கில் படிகளை வெட்டிக்கொண்டு போனது. ஸ்டக், ஹாரி கார்ஸ்டென்ஸ், ராபர்ட் டேட்டம், வால்ட்டர் ஹார்ப்பர் என்று நால்வர். வழியில் முகாமில் தீப்பிடித்து, கூடாரங்களோடு சர்க்கரையும் பால் பவுடரும் எரிந்தன. ஜூன் 7 அன்று உச்சியில் முதலில் கால் வைத்தவர் ஹார்ப்பர், கொயுகான் தாய்க்குப் பிறந்த இருபது வயது இளைஞர். அடிவார முகாமில் நாய்களைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தவன் ஜானி ஃபிரெட்சன் என்ற சிறுவன். இரண்டு வாரம் என்று சொல்லிப் போனவர்கள் திரும்ப 31 நாள் ஆயிற்று. இறங்கி வந்தவர்களுக்கு அவன் தன் பங்குச் சர்க்கரையைத் தொடாமல் எடுத்து வைத்திருந்தான். மலையேற்ற வரலாற்றில் கொடி நட்ட கதைகள் நிறைய உண்டு. எனக்கு இந்தச் சர்க்கரை அவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. அந்தச் சிறுவன் பின்னாளில் தன் மக்களின் நில உரிமைக்காகப் போராடி வென்றான். ஹார்ப்பர் 1918-ல் ஒரு கப்பல் விபத்தில் இளம் மனைவியோடு இறந்தார். மலைக்குப் பழைய பெயரையே திருப்பித் தர வேண்டும் என்று ஸ்டக் 1914-ல் தன் புத்தகத்தின் முன்னுரையிலேயே கேட்டார்.

டால்கீட்னா மலைக்கு வாசலானது பிற்பாடுதான். 1951-ல் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன் என்ற மலையேறி மேற்கு முகடு வழியைத் திறந்தார். சறுக்குக்கட்டை பூட்டிய சிறு விமானத்தைப் பனியாற்றில் இறக்கும் வித்தையை இந்த ஊர் விமானி டான் ஷெல்டன் தொழிலாகவே ஆக்கினார். இன்றும் பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள். மலையைச் சூழ்ந்த தேசியப் பூங்காவுக்கு ஊரிலுள்ள அலுவலகத்தில் பதிவு செய்து, மனிதக் கழிவை அடைத்துக் கொண்டுவரும் டப்பாவைப் பெற்றுக்கொண்டு, 2,200 மீட்டரிலுள்ள கஹில்ட்னா பனியாற்றில் இறங்குவார்கள். முதுகில் பாதிச் சுமை, இடுப்பில் கட்டி இழுக்கும் சறுக்குவண்டியில் மீதி. சுமையை மேலே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, தூங்கக் கீழே இறங்கி, மறுநாள் மீண்டும் ஏறுவார்கள். ஏறி இறங்க மூன்று வாரம் பிடிக்கும். உச்சியைத் தொடுகிறவர்கள் பாதிப் பேர் அளவில்தான். திரும்பாதவர்களுக்கு ஊர் இடுகாட்டில் நினைவிடம் இருக்கிறது. பலகைகளில் பெயரோடு வயதும் எழுதியிருக்கும்.

பெயருக்கு வருவோம். 1975-ல் அலாஸ்கா அரசு டெனாலி என்று மாற்றக் கேட்டது. ஒரு பெயர் நாடாளுமன்றத்தின் பரிசீலனையில் இருக்கும்வரை அமெரிக்க இடப்பெயர் வாரியம் அதைத் தொடாது என்பது விதி. ஓஹியோ உறுப்பினர் ரால்ஃப் ரெகுலா அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பல பத்தாண்டுகள் தடுத்தார். 1980-ல் பூங்கா மட்டும் டெனாலி ஆனது. மலை 2015-ல் ஒபாமா ஆட்சியில் டெனாலி ஆனது. 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் இட்ட ஆணையால் மீண்டும் மக்கின்லி ஆனது. அடுத்த சில வாரங்களிலேயே அலாஸ்கா சட்டமன்றம், டெனாலி என்ற பெயரே நீடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மலையின் நிழலில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் அது. முதலில் ஏறியவர் தாய்மொழியில் சொன்ன பெயரும் அதுதான்.