மரம் வாங்கப் போகிறீர்களா?

புடவை எடுக்கப் போனால் ஜரிகையைத் திருப்பிப் பார்க்கிறோம். புளி வாங்கினால் கொட்டை இருக்கிறதா என்று பிசைந்து பார்க்கிறோம். வீட்டுக்கு மரம் வாங்குவது என்று வந்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிக் கொள்கிறோம். நிலையும் கதவும் சரியில்லை என்றால் தினமும் அவஸ்தைப்படுவது என்னவோ நாம்தான்!

எங்கள் வீடு 2009-ல் கட்டியது. கட்டிக் கொடுத்தவரே மரமும் வாங்கிப் போட்டார். "எல்லாம் முதல் தரமான தேக்கு" என்றார். எட்டு வருஷம்கூட ஆகவில்லை, சமையலறை நிலையின் ஓரத்தில் விரலை வைத்தால் மாவாகக் கொட்டியது. நடுப்பகுதியோ இரும்பு மாதிரி இருந்தது. ஒரே மரத்தில் இதென்ன கூத்து? மாற்றிப் போட வந்த வயதான ஆசாரிதான் விளக்கினார். "இதுவும் தேக்குதாம்மா. ஆனா ஓரம் பூரா வெள்ளை. நடுவுல இருக்கிறதுதான் வைரம். பூச்சிக்கு வெள்ளைன்னா அல்வா மாதிரி."

சென்ற வருஷம், மகள் பிரசவத்துக்கு வருவதற்குள் மாடியில் ஓர் அறை போடத் தீர்மானித்தோம். என் கணவரின் பி.எஃப். பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான். இந்தத் தடவை மரவாடிக்கு ஆசாரியுடன் நானும் போனேன். "சாரை வரச் சொல்லுங்கம்மா, அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார் கடைக்காரர். "சார் ஆபீஸ் போயிட்டார். என்கிட்டயே சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே தெரிந்துகொண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

வைரமும் வெள்ளையும்

எந்த மரமானாலும் உள்ளே இருப்பது வைரம். பட்டையை ஒட்டி இருப்பது வெள்ளை. தேக்கில் வைரம் பொன் கலந்த பழுப்பு, வெள்ளை வெளிறிய நிறம். கறையானையும் உளுவையும் எதிர்க்கும் சக்தி வைரத்துக்குத்தான் உண்டு. அதனால் பர்மா, நிலம்பூர், ஆப்பிரிக்கா என்று ஊர்ப் பெயரைக் கேட்டு மயங்காமல், ஒவ்வொரு சட்டத்தையும் நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வர்ணமோ பாலிஷோ பூசிய சட்டத்தில் வெள்ளை தெரியாது. பூசாத மரமாகக் கேளுங்கள். 'வெள்ளைத் தேக்கு' என்று சொல்லப்படும் குமிழ மரம், தேக்கே அல்ல. நல்ல மரம்தான், ஆனால் தேக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கணக்கு

மரத்துக்கு விலை கன அடியில். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஒரு நிலைக்கு 7 அடியில் இரண்டு, 3½ அடியில் இரண்டு என்றால் மொத்தம் 21 அடி. 5 அங்குல அகலம், 3 அங்குல கனம். 21 x 5 x 3 = 315. அதை 144-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.19 கன அடி. நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிப் போனால் போதும்! இழைத்த பிறகு அளவு கொஞ்சம் குறையும். ஆகவே, சொல்லும் அளவு இழைப்புக்கு முன்னா, பின்னா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ந்த மரம்

மழைக்காலத்தில் கதவு பிடித்துக் கொள்வதும் கோடையில் இடுக்கு விடுவதும் ஏன்? மரம் ஈரத்தை இழுத்தும் விட்டும் அகலவாட்டில் விரிந்து சுருங்குகிறது. நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. பச்சை மரத்தில் கதவு செய்தால் வெடிப்பும் முறுக்கலும் நிச்சயம். கதவு, ஜன்னலுக்கு ஈரம் நூற்றுக்கு 12 என்ற அளவில் இருந்தால் நல்லது. மரத்தில் இரண்டு ஊசிகளைக் குத்தி ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவி இருக்கிறது. அளந்து காட்டச் சொல்லலாம், வெட்கப்பட வேண்டாம்.

மருந்து ஏற்றிய மரம்

காயவைப்பது வேறு, மருந்து ஏற்றுவது வேறு. 'ட்ரீட்டட்' என்று சொன்னால், "என்ன மருந்து, எப்படி ஏற்றினது?" என்று கேளுங்கள். தூரிகையால் பூசினால் மேல்தோலோடு நின்றுவிடும். பெரிய உருளைக்குள் மரத்தை வைத்து, காற்றை உறிஞ்சி, அழுத்தம் கொடுத்து ஏற்றினால்தான் உள்ளே இறங்கும். பிறகு அறுத்தால், அறுத்த முனைக்கு மறுபடியும் மருந்து பூச வேண்டும். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த மருந்து வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு ஏற்றது. மழை பட்டால் கரைந்துவிடும். வெளியிலும் மண்ணிலும் நிற்கும் மரத்துக்குத் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த மருந்து உண்டு. மரம் லேசாகப் பச்சை பாய்ந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இதை எச் 1 முதல் எச் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 வீட்டுக்குள் நனையாத மரத்துக்கு. 3 வெளியில், தரையைத் தொடாததற்கு. 4 மண்ணில் ஊன்றுவதற்கு. 6 கடல் நீரில் நிற்பதற்கு. எண்ணை மறந்தாலும் பாடம் ஒன்றுதான்: மரம் எங்கே நிற்கப் போகிறது என்று முதலில் தீர்மானியுங்கள், பிறகு மருந்து.

எங்கள் மொட்டை மாடிக் கொடிப் பந்தலுக்கு இந்தப் பச்சை மரத்தைத்தான் போட்டோம். நாலு பலகை மிஞ்சியது. "பேரப்பிள்ளைக்கு அழகா ஒரு தொட்டில் செஞ்சிடறேன்மா" என்றார் ஆசாரி ஆசையாக. எனக்குத் திக்கென்றது. ஆர்சனிக் என்பது பாஷாணம் அல்லவா! பல் முளைக்கிற குழந்தை தொட்டில் சட்டத்தைக் கடிக்காமல் இருக்குமா? அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இம்மருந்தை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். "வேண்டாம் ஆசாரியாரே, கதவில் மிஞ்சிய தேக்குத் துண்டில் செய்யுங்கள்" என்றேன். அவரும் புரிந்துகொண்டார். இளம் தாய்மார்களே, அந்த மரத்தில் தொட்டில், நடைவண்டி, காய் நறுக்கும் பலகை எதுவும் வேண்டாம். துண்டுகளை அடுப்பிலோ வெந்நீர்த் தவலையின் கீழோ எரிக்கவும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் விஷம் இருக்கும்.

ஒட்டுப்பலகை

பிளைவுட்டில் எம்.ஆர். என்றால் காற்றின் ஈரம் தாங்கும், தண்ணீர் தாங்காது. படுக்கையறை அலமாரிக்குப் போதும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் கீழே என்றால் பி.டபிள்யூ.பி., அதாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட். அதன் பசையை 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சோதிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. மரத்தின் பெயர், அளவு, என்ன மருந்து, என்ன தரம் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். "வெள்ளை இல்லாமல்" என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். எழுதின பிறகு, வண்டியில் ஏற்றியிருந்த மூன்று சட்டங்களை அவரே இறக்கி மாற்றினார்!