உடுக்கைக்கு எத்தனாவது எண்?

சென்ற ஆண்டு ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த ஒரு மாலையில் என் மனைவியின் தம்பி மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான். தென்காசிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவன். கோயில் கொடை நாட்களில் வில்லிசைக் குழுக்களும் அவனைக் கூப்பிடுவதுண்டு.

“அத்தான், நீங்க பாடத்துல எல்லாத்தையும் வகை பிரிச்சுத்தான சொல்லிக் குடுக்கீக. இதையும் கொஞ்சம் வகை பிரிச்சுக் குடுங்க” என்றான்.

கருவிகளின் ஒலியைத் துண்டு துண்டாகப் பதிந்து விசைகளில் ஏற்றி வைக்கும் சாம்ப்ளர் மென்பொருள் அது. நூற்றுக்கணக்கான ஒலிகள் முறையில்லாமல் குவிந்து கிடந்தன. எனக்கு இசைப் பயிற்சி கிடையாது. கணினிப் பயிற்சியும் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. ஆனால் அட்டவணை என்றால் தமிழாசிரியனுக்குக் கை துறுதுறுக்கும்.

மெல்லப் புரிந்தது. 1983இல் வந்த மிடி என்னும் ஏற்பாட்டில் கீபோர்டு கணினிக்கு ஒலியை அனுப்புவதில்லை, எண்களையே அனுப்புகிறது. எந்த விசை, எவ்வளவு வேகம், எந்தக் கருவி என்று எல்லாம் எண்கள். கருவி எண் 0 முதல் 127 வரை. அது போதாது என்பதால் ‘பேங்க்’ என்று ஒன்று. நான் அதைச் சுவடிக்கட்டு என்று எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். கட்டு எண், அதற்குள் ஏட்டு எண். கட்டின் பெயரைச் சொன்னால் மட்டும் ஒலி மாறாது. அதையடுத்து ஏட்டு எண்ணும் வர வேண்டும். கட்டு எண்ணையும் இரண்டு பாதிகளாக அனுப்பலாமாம். அப்படிப் பார்த்தால் 16,384 கட்டுகள். உ.வே.சா. கனவிலும் கண்டிராத நூலகம்!

முதல் கட்டில் என்ன இருக்க வேண்டும் என்று 1991இல் உலகப் பொதுப் பட்டியல் ஒன்றை வகுத்திருக்கிறார்கள். எட்டெட்டாகப் பதினாறு குடும்பங்கள். பியானோவுக்கு ஒரு குடும்பம், ஆர்கனுக்கு ஒரு குடும்பம். 105 முதல் 112 வரை ‘இனக்குழு’க் கருவிகள்: சிதார், பாஞ்சோ, ஜப்பானின் ஷாமிசென், கோட்டோ, ஆப்பிரிக்கக் கலிம்பா, பைப்பர் ஊதும் பைக்குழல், பிடில், கடைசியில் ஷெனாய். நாகசுரம் இல்லை. தாளக் கருவிகளில் ஜப்பானியத் தைக்கோ உண்டு. மிருதங்கமோ தவிலோ உடுக்கையோ இல்லை. மீதி உலகம் முழுவதற்கும் எட்டே திண்ணையிடம்!

ஆகவே ‘நமது’ கட்டு ஒன்றைப் புதிதாக அமைத்தேன். தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று இலக்கணப்படி அடுக்கினேன். பாலிஃபோன் என்ற இலவச மென்பொருள் அதற்கு உதவியது. தோற்கருவிகளில் பதின்மூன்றாவதாக உடுக்கைக்கு இடம் ஒதுக்கினேன். ஒலிதான் இல்லை.

மேலகரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். (குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில்.) ஐம்பது வருடம் வில்லிசையில் உடுக்கை அடித்தவர். இப்போது கையில் நடுக்கம். ஒரு கதை முடியும்வரை தாங்காது. அந்த ஆடிக் கொடைக்கு அவருக்குப் பதிலாகக் கீபோர்டு என்று குழுத்தலைவர் முடிவு செய்துவிட்டார். அவரிடமே போய் ஒலி கேட்டோம். மறுக்கவில்லை.

சாரல் ஈரத்தில் தோல் தொய்ந்திருந்தது. அடுப்பருகே காட்டிக் காட்டி முறுக்கேற்றினார். ஓட்டில் மழை விழும் சத்தம் ஓய்வதற்குக் காத்திருந்து, ஒவ்வொரு அடியையும் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தரம் பதிந்தோம். இடைக்கயிற்றை அமுக்கும்போது ஒலி விம்மி ஏறுகிறதே, அதைச் சக்கரம் திருப்பி உண்டாக்கினால் கேலியாக இருந்தது. முழு வீச்சாகவே பதிந்துகொண்டோம்.

“அண்ணாச்சி, சாமி அழைக்கிற அடி?”

“அத வீட்டுக்குள்ள அடிக்கப்படாது சார்.”

மறுநாள் அந்தியில் சுடலைமாடன் பீடத்தின் முன் சூடம் ஏற்றி, ஒரே ஒரு முறை அடித்தார். யாரோ ஆட்டிய மணியும் அதில் சேர்ந்து பதிந்துவிட்டது. மறுபடி அடிக்கச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. கிளம்பும்போது சொன்னார்: “இத மத்ததோட சேத்து வைக்காதீய. கை தவறிப் பட்டுறப்படாது.”

என் தோலும் துளையும் அங்கே சரிந்தன. அன்றிரவு சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையைப் புரட்டினேன். தோற்கருவிகளை அவர் அகமுழவு, புறமுழவு என்று ஏழாகப் பிரித்து, சிலவற்றுக்கு உத்தமம், மத்திமம், அதமம் என்று தரமும் இடுகிறார். இருபது ஆண்டுகளாக அதைக் கூச்சமில்லாமல் நடத்தி வந்திருக்கிறேன். ஆனால் கடைசி இரண்டும் வேறு மாதிரி: நாண்முழவு, காலைமுழவு. பொழுதால் பெயர் பெற்றவை. காலைமுழவு என்று அவர் சொல்வது துடியை. உடுக்கையின் மூத்த உறவு. எப்போது ஒலிக்கலாம் என்பதும் ஒரு வகைமைதான் போலும். அந்த அடியை மட்டும் இரண்டாம் கட்டில் தனியே வைத்தேன். ஏட்டு எண் அதே 13; கை தடுமாறக் கூடாதே.

கொடையன்று நள்ளிரவு, அழைப்பு வந்தது. மைத்துனன் கட்டு மாற்றினான். ஒலித்தது மரிம்பா! பொதுப் பட்டியலின் பதின்மூன்றாம் எண். சுடலை முன் ஒரு மேலைநாட்டு மரக்கட்டை டொங் டொங்கென்றது.

பிழை என்னுடையது. அவன் கீபோர்டு கட்டு எண்ணை இரண்டாம் பாதியில் அனுப்பியது. நான் அமைத்த மென்பொருள் முதல் பாதியை மட்டும் படித்தது. ஃபுளூயிட்சிந்த் போன்ற மென்பொருள்களில் இதற்கென்றே நான்கு அமைப்புகள் இருக்கின்றன. மாலையில் முதல் கட்டைத் திரையிலேயே தேர்ந்திருந்ததால் அதுவரை வெளிப்படவில்லை.

சாமி வந்துவிட்டது. குடமும் வில்மணியும் விடாமல் ஏற, உடுக்கைக்குக் காத்திராமலே சாமியாடி எழுந்துவிட்டார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள்தான் கேட்டார்.

“நான் அதுல எத்தனாவது நம்பர் சார்?”

“பதிமூணு.”

“அந்த டொங்கு டொங்கும் பதிமூணுதானா?” என்று நெடுநேரம் சிரித்தார்.

ஆவணியில் என் பழைய மாணவன் ஒருவன், வேறொரு குழுவில் வாசிப்பவன், கேட்டான் என்று கோப்பை அப்படியே பென்டிரைவில் கொடுத்தேன். இரண்டாம் கட்டை நீக்கிவிட்டுக் கொடுத்திருக்கலாம். அரை நிமிட வேலை. தோன்றவில்லை.

இந்தச் சித்திரையில் குற்றாலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மாலை ஐந்து மணி, நல்ல வெயில். மேலகரத்தை நெருங்குகையில் எங்கோ கொடைப் பந்தலில் ஒலிபெருக்கி சோதித்துக்கொண்டிருந்தார்கள். “ஹலோ, ஹலோ”வுக்குப் பிறகு அந்த அடி. கடைசியில் அந்த மணி. மறுபடியும் அடி, மறுபடியும் மணி. நான்கைந்து முறை.

அவர் வீடு அங்கிருந்து மூன்று தெரு. வண்டியை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகவும் இல்லை.