அம்மான் கேட்ட வினா

எம் அம்மானுக்கு நாக்கிலே புற்றுநோய் கண்டு, சத்திரசிகிச்சையும் அதன்மேற் கதிர்ச்சிகிச்சையும் முடிந்து ஈராண்டாகின்றன. வாரத்துக்கு 5 நாளாக 6 வாரம் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றவர் நாமே. மூன்றாம் வாரம் வாய் வெந்து புண்ணாயிற்று. ஆறிய கஞ்சியும் நெருப்பாயிற்று. அப்பொழுது அவர் கேட்டார்: "தம்பி, வருத்தம் நாக்கிலைதானே, மேல்வாயை ஏன் சுடுகினம்?"

இருபதாண்டு பௌதிகம் கற்பித்த நாம் வாளாவிருந்தோம்.

விடை பின்னரே கிடைத்தது. வாயை மூடினால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கும். நாக்கை நோக்கிச் செலுத்தும் கதிர் அண்டை வீட்டையும் விட்டுவைப்பதில்லை. ஆதலின் வாயைத் திறந்து, நாக்கைத் தாழ்த்தி, அண்ணத்தை அப்பால் ஒதுக்கி வைக்க ஒரு வாய்த்தாங்கி வேண்டும். நாள்தோறும் நாக்கு அதே இடத்தில் நிற்கவும் அதுவே துணை. பல் வைத்தியர் வாயை அச்செடுத்து, மெழுகில் உருவாக்கி, அக்ரிலிக்கில் இதனை வார்ப்பதுண்டு; கைத்திறனும் பொழுதும் வேண்டிய வேலை. நெடுங்காலம் பாக்குச் சப்பியவர் சிலர்க்கோ உட்கன்னம் இறுகி வாயே சரிவரத் திறவாது. அச்செடுக்குந் தட்டு எவ்வாறு உள்ளே புகும்?

இங்கேதான் முப்பரிமாண அச்சு உதவுகிறது. சாள்ஸ் ஹல் என்னும் அமெரிக்கர் 1986-ல் காப்புரிமை பெற்ற முறை இதற்கு மூலம். தாளில் மையிடும் அச்சன்று இது. ஒளிபட இறுகும் பிசினை மெல்லிய படைகளாக ஒன்றன்மேலொன்று அடுக்கி உருவமைப்பது. சி.ரி. படத்திலிருந்தோ, ஒளிக்கருவியால் எடுத்த அளவிலிருந்தோ கணினியில் வடிவம் வரைவர்; சில மணி நேர அச்சில் அந்நோயாளியின் வாய்க்கென்றே ஆன தாங்கி உருப்பெறும். நாக்கைத் தாழ்த்துவதா, ஒரு புறம் ஒதுக்குவதா என்பதும் நோய் கண்ட இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஹூஸ்ரன் நகரத்து எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தார் இத்தகைய தாங்கிகளை ஆராய்ந்திருக்கின்றனர்.

படித்ததை அம்மானிடம் சொன்னோம். சொல்லியிருக்க வேண்டியதில்லையோ என்ற ஐயம் இன்றும் உண்டு. அவர் போத்தலை எடுத்து ஒரு மிடறு தண்ணீரால் நாக்கை நனைத்துக்கொண்டார். உமிழ்நீர் வற்றிய வாய். "அப்ப, என்ரை வாயை அளக்கத்தான் ஆளில்லை" என்றார்.

விறாந்தையில் வெற்றிலைத் தட்டம் வழக்கம்போல இருந்தது. புகையிலை சேராவிடினும் பாக்குப் புற்றுநோய் விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டதை எடுத்துரைத்து, அதனை அகற்றுமாறு வேண்டினோம்.

"வாறவைக்கு என்னத்தைக் குடுக்கிறது, தம்பி?"

மாமி ஒன்றும் பேசாது தட்டத்தை உள்ளே எடுத்துச் சென்றார்.