மஞ்சள் பேருந்தின் முன்பக்கம்



சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை இதுவரை என் வீட்டாரிடம் மட்டுமே கூறியிருந்தேன். அஸ்ர் ஜமாஅத்துக்கு ஐந்து நிமிடங்களே எஞ்சியிருந்தன. மோட்டார் சைக்கிளில் பள்ளிவாசலை நோக்கி விரைந்துகொண்டிருந்தேன். வழியில் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று நின்று பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. ஹாரனை ஒருமுறை அழுத்திவிட்டு அதன் வலப்புறமாக முந்தினேன். பேருந்தின் முன்முனையைக் கடக்கும் தறுவாயில், அதன் மறைவிலிருந்து ஒரு சிறுவன் சாலைக்குள் கால் வைத்தான். பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கி, அவனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. அவன் என் மக்தபில் ஓதும் பிள்ளை. நடுங்கியபடியே, "அஸ்ஸலாமு அலைக்கும், ஹஜ்ரத்" என்றான். பதில் ஸலாம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் ஊரில் பேருந்தின் கதவு இடப்பக்கம் இருக்கிறது. வீடு எதிர்ப்புறத்தில் உள்ள பிள்ளை இறங்கியதும் பேருந்தின் முன்னாலோ பின்னாலோதான் சாலையைக் கடக்கிறது. முந்திச் செல்பவருக்கு அது தெரிவதில்லை; அதற்கும் அவரைத் தெரிவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமென்பது நமக்கு மெதுவாகத் தோன்றும். ஆனால் அவ்வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடுகிறது. கை பிரேக்கைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இடப்புறச் சந்தில் நுழைவோரும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் இறங்கும் படிக்கட்டின் மீதே வண்டியை விடுகிறார்கள்.

2012இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன் பின்னர் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகளை இயற்றியது. அவை பேருந்தையும் அதன் ஓட்டுநரையும் பற்றியவை. பின்னால் வரும் நம்மை யார் கட்டுப்படுத்துவது? அமெரிக்காவில் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டி நின்றால் பின்னால் வருவோர் நின்றாக வேண்டும். இங்கு நாம் ஹாரன் அடிக்கிறோம்.

ஜமாஅத்துக்காகத்தானே விரைந்தேன் என்று மனம் சமாதானம் தேடியது. ஆனால் இகாமத் கேட்டாலும் ஓடி வராமல் அமைதியாக நடந்து வரவும், கிடைத்ததைத் தொழுது தவறியதை நிறைவு செய்யவும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. அதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன் நான்.

மஃரிபுக்குப் பின் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். "பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஹஜ்ரத், விடுங்கள்" என்றார் அவனுடைய பாட்டனார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது அவனிடம். கேட்டேன். அவன் வெட்கத்துடன் தலையசைத்துவிட்டு, "ஜமாஅத் கிடைத்ததா, ஹஜ்ரத்?" என்றான்.

கிடைக்கவில்லை என்றேன்.