பெயரைப் பார்த்து மறிக்கும் கதவு

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. 30ஆம் திகதிதான் திரும்பி வந்தன. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2022 ஏப்ரல் 3 அன்றும் இதே கதைதான். வீபிஎன் தெரிந்த பலர் உள்ளே போய் வந்தார்கள். தெரியாத உம்மாமார்தான் கட்டாரிலிருக்கும் பிள்ளையின் குரல் கேட்காமல் தவித்தார்கள்.

இப்படி மறிப்பது எப்படி நடக்கிறது என்பதை இங்கே பரந்தனில், பாடசாலைக் கணினி அறையில், சின்ன அளவில் பார்த்தோம்.

மாதம் பாதி போகுமுன் டேட்டா முடிந்துவிடும். ஓ/எல் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள் இறக்க வழியில்லை. அறைக்கு வாசலாக இருப்பது ஒரு லினக்ஸ் கணினி. ‘யூடியூப்’ என்ற சொல் உள்ள பக்கெட்டை மறிக்கும் ஐபிடேபிள்ஸ் விதி அதில் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் வீடியோ ஓடியது.

விதிகளை எண்ணிக்கையோடு பட்டியலிட்டுப் பார்த்தோம். அந்த விதிக்கு நேரே பூச்சியம். அதனிடம் எதுவுமே வந்து சேரவில்லை. காரணம் வரிசை. அதற்கு மேலே, தொடங்கிவிட்ட இணைப்புகளை அப்படியே விடச் சொல்லும் விதி இருந்தது. தளத்தின் பெயர் வெளியே தெரிவது இணைப்புத் தொடங்கிய பிறகுதான். அதற்குள் மேல் விதி கதவைத் திறந்துவிடும். மறிக்கும் விதியை மேலே ஏற்றினோம், எண் ஏறத் தொடங்கியது.

அப்போதும் சில கணினிகளில் வீடியோ ஓடியது. அது யூடிபி 443 வழியாகப் போகும் குவிக். அங்கே பெயரும் மறைந்தே போகும். அந்த வழியை மூடியதும் பிரவுசர் தானாக டிசிபிக்குத் திரும்பி, விதியில் மாட்டியது.

ஆனால் கணித ஆசிரியர் ஒருவர் பாடப் பக்கத்தில் இணைத்திருந்த வீடியோவும் சேர்ந்து நின்றுவிட்டது. விதிக்குச் சொல் மட்டும்தான் தெரியும், நோக்கம் தெரியாது.

2019இல் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் எங்களை வரிசையிலிருந்து ஒதுக்கி நிறுத்தியதும் இந்த மாதிரி ஒரு விதிதான். அன்று யார் என்ன செய்தார் என்று எவரும் கேட்கவில்லை.

அதனால் சொல்லைத் தேடும் விதியை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு கணினிக்கும் இவ்வளவு டேட்டா என்று அளவு வைத்தோம். அதற்கும் ஐபிடேபிள்ஸில் வழி இருக்கிறது. எதைப் பார்த்தாலும் அளவு ஒன்றுதான். இப்போது வினாத்தாளும் இறங்குகிறது, கணித வீடியோவும் ஓடுகிறது.

கணினி அறை பார்க்கும் சேர்மார், டீச்சர்மார் யாராவது இதை வாசித்தால் ஒன்று சொல்கிறோம்: விதி வேலை செய்யாவிட்டால் புதிதாக எழுத முன், எண்ணிக்கையைப் பாருங்கள். வேலை செய்தால், வேறு யார் மாட்டுகிறார்கள் என்றும் பாருங்கள்.